மகன் பீர் காய்ச்சுகிறான், அறை வெடிக்குமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். ஒற்றை அறை, கட்டிலும் அதில்தான், அடுப்பும் அதில்தான். வீடியோ அழைப்பில் பேசும்போது கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடிக் குடுவை பொளக் பொளக்கென்று குமிழ் விட்டிருக்கிறது. என்னவென்று கேட்டால், பீர் காய்ச்சுகிறேன் என்கிறானாம். "ஐயா, அது வெடிக்குமா? கள்ளக்குறிச்சியில் செத்தார்களே, அதுபோல விஷமாகிவிடுமா?"

விஷத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது புளிக்கும்போது உண்டானதல்ல, தொழிற்சாலைச் சரக்கு, சாராயமென்று விற்றார்கள். உங்கள் மகன் குடுவையில் நடப்பது வேறு. முளைகட்டி உலர்த்திய பார்லியின், அதாவது மால்ட்டின், சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்கிறது. எத்தனாலும் கரியமில வாயுவும் வெளியே வருகின்றன. அவ்வளவுதான்.

அம்மா, உங்களைப் பயமுறுத்தியது 'காய்ச்சுகிறான்' என்ற சொல் என்று நினைக்கிறேன். நம் ஊரில் காய்ச்சுவது என்றால் சாராயம்; ஊறலைப் புளிக்கவைத்து, பிறகு அடுப்பேற்றி வடிப்பது. பீரில் அடுப்பு முன்னால் வருகிறது. மால்ட் கரைசலில் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவிட்டால் அதன்பிறகு நெருப்பே கிடையாது. நாலரை லிட்டர் குடுவை என்றால் ரசம் வைக்கும் அளவுப் பாத்திரத்தைவிடச் சற்றே பெரியது போதும். சின்ன அறையில் உண்மையான தொல்லை, கொதிக்கும்போது எழும் ஆவியும் வாடையும்தான். சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் தன் தேவைக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. இங்கே அப்படியில்லை. கடலூரில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது; எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் கடை உண்டு என்பதற்காகப் புதுச்சேரியில் வீட்டில் தயாரிக்கலாம் என்றும் ஆகிவிடாது. ஆகவே இளைஞர்கள் யாரும் இதைக் கேட்டுவிட்டுப் பானை வாங்கக் கிளம்ப வேண்டாம்.

இனி வெடிப்பது. குமிழ் விடும் குடுவை வெடிக்காது. வாயு வெளியேற வழி இருப்பதால்தானே குமிழ் வருகிறது. ஆபத்து பாட்டிலில் அடைக்கும்போது. புளிப்பு முடியும் முன் அடைத்தால் மூடிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதை நான் அனுபவித்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தபோது, அக்கினி நட்சத்திர வெயிலில், இஞ்சியும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த பானத்தைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடிவிட்டேன். நடு இரவில் ஒரு சத்தம். சிலிண்டர்தான் போய்விட்டதென்று வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். விட்டத்தில் விழுந்த கறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்த பிறகுதான் முன்பணம் திரும்பி வந்தது. நல்லவேளை, சமையலறையில் யாரும் இல்லை.

பால்காரர் பால்மானி விட்டுப் பார்ப்பாரே, அதுபோல் அடர்த்தியைக் காட்டும் ஒரு திரவமானி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டினால் புளிப்பு ஓய்ந்தது என்று பொருள். பிறகுதான் அடைக்க வேண்டும், அதுவும் முதன்முறை பிளாஸ்டிக் பாட்டிலில். விரலால் அமுக்கினால் அழுத்தம் தெரிந்துவிடும்.

முன்பு தோசை மாவு புளிப்பதைப் பற்றி நான் பேசியதைக் கேட்டவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். சொல்லத்தான் போகிறேன்: நாம் சமைக்கவில்லை, குடிவைக்கிறோம். ஈஸ்ட் குடித்தனக்காரர். வீட்டைக் கழுவிக் கொடுத்து, வேண்டாதவர் நுழையாமல் பார்த்து, சூட்டை ஒரே மட்டத்தில் வைத்தால் போதும். சாதாரண பீர் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி சுகம். மான்செஸ்டர் அறையில் அது எளிதாகக் கிடைக்கும். நம் மே மாதத்தில் அதே ஈஸ்ட் தறிகெட்டு ஓடிக் கண்ட வாசனையையும் கிளப்பிவிடும். கட்டிலுக்கடியை உங்கள் மகன் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறான், இருட்டு. வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறும்.

உண்மையில் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி வேறு. இத்தனை பனைமரத்தை வைத்துக்கொண்டு ஒருவர்கூடக் கேட்கவில்லை: ஒரே பாளையில் வடிவது ஒரு கலயத்தில் கள், இன்னொன்றில் பதநீர், எப்படி? சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றிவிடுவதால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் குடியேற முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் இறக்கிய சில மணி நேரத்திலேயே நுரைக்கும். பீரில் ஹாப்ஸ் செய்வதும் வாசல் காவல்தான், ஆனால் ஆள் பார்த்து: பல பாக்டீரியாக்களைத் தடுக்கும், ஈஸ்டை உள்ளே விடும். சுண்ணாம்புக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. அடுத்த வாரம் யாராவது இதைக் கேளுங்கள், கலயத்தோடு வருகிறேன்.

அம்மா, மகன் அடுத்த முறை அழைக்கும்போது இரண்டு கேள்வி போதும். திரவமானி வாங்கினாயா? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? கண்ணாடி என்றால் என் விட்டத்துக் கதையைச் சொல்லுங்கள்.