நாலு பட்டை போடுங்கண்ணே

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பந்திங் பட்டணத்தில் தையல் கடை வைத்திருப்பவன் நான். பள்ளிச் சீருடை, கல்யாணக் கோட்டு, பாதுகாவலர் உடுப்பு என்று எது வந்தாலும் தைப்பேன். ஆனாலும் விமானிகளின் சட்டையென்றால் எனக்குத் தனிப் பித்து. 1998-இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏ திறந்த பிறகு நம் செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி விமானிகளும் குடிவந்தார்கள். ஒருவர் காலர் மாற்ற வந்தார், அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். அப்படிப் பிடித்த பித்துதான் இது.

விமானி உடுப்பைப் பற்றி எல்லாரும் மிடுக்கு, கம்பீரம் என்பார்கள். இருக்கட்டும். அந்த உடுப்பு விமானிக்காக வந்ததில்லை, பயணிக்காக வந்தது என்பேன் நான்.

ஆரம்ப காலத்தில் விமானி அணிந்தது தோல் ஜாக்கெட்டும் காற்றுக்கண்ணாடியும் கழுத்தில் ஒரு துணியும். கூரையில்லாத விமானம், குளிர் காற்று, முகத்தில் தெறிக்கும் எஞ்சின் எண்ணெய். அந்தக் கோலத்தில் ஒருவர் வந்து நின்றால் யார் பிள்ளைகுட்டியோடு பின்னால் ஏறி உட்காருவார்கள்? 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்களை ஓட்டியது. அவற்றுக்குப் பழைய பாய்மரக் கப்பல்களைப் போல கிளிப்பர் என்று பெயர் வைத்து, விமானிகளுக்கும் கப்பல் அதிகாரிகளின் உடுப்பையே மாட்டிவிட்டது: கருநிறக் கோட்டு, தொப்பி, கோட்டின் கைப்பகுதியில் பதவியைக் காட்டும் தங்கப் பட்டை. அன்றைய மக்களுக்கு ஆகாயம் பயம், கப்பல் பழக்கம். நம் தாத்தா பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்கள்தானே, கப்பல் அதிகாரியைக் கண்டால் வரும் நம்பிக்கை அவர்களுக்குத் தெரியும். அதே நம்பிக்கையை ஆகாயத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடுப்பைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரியும். காக்கி அரைக்கால் சட்டையும் முட்டிவரை காலுறையும் என்றால் துரை. சலவைச் சட்டையும் பேனாவும் என்றால் கணக்கெழுதும் கிராணி. அந்த உடுப்பைக் கண்டால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. விமானியின் உடுப்பு ஒதுங்கச் சொல்லாது, ஏறி உட்காரச் சொல்லும். அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

சரி, பட்டைக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் என் வீட்டுக்காரியே கோபித்துக்கொள்வாள். ஒரு நாள் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சட்டை இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது, பிடித்துத் தர வேண்டும். நான் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, ரெண்டு பட்டைதான் இருக்கு? டிவியில வர்ற பைலட்டுக்கெல்லாம் நாலு இருக்கே.”

“அது கேப்டனுக்கும்மா.”

“அதனால என்ன, நாலு போடுங்கண்ணே. அடுத்த மாசம் எங்க அண்ணன் மக கல்யாணம். எல்லாரும் வருவாங்க.”

பையன் முகம் சிவந்துவிட்டது. “ம்மா, பேசாம இரும்மா” என்கிறான். அந்த அம்மா விடுவாரா? கூடப் போடும் பட்டைக்குத் தனியாக எத்தனை வெள்ளி என்று என்னிடம் விலை கேட்கிறார்!

உட்கார வைத்து விளக்கினேன். கேப்டனுக்கு நான்கு. பக்கத்தில் உட்காரும் முதல் அதிகாரிக்குப் பெரும்பாலும் மூன்று. புதிதாக வருபவருக்குப் பல நிறுவனங்களில் இரண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனால் நான்கு என்றால் ஏறக்குறைய எங்கேயும் கேப்டன்தான். அந்த நாற்காலிக்குப் போக வேண்டிய உரிமத்துக்கே குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்புறம் நிறுவனத்தின் தேர்வு, விமானம்போலவே அமைத்த சிமுலேட்டரில் சோதனை, கடைசியில் இடமும் காலியாக வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப சட்டைய நல்லா ஸ்ட்ராங்கா தைங்க, அதுவரைக்கும் தாங்கணும்” என்றார் பாருங்கள்! பட்டை தோள் வாரில் உறைபோல் செருகுவது, பதவி ஏறினால் அதை மட்டும் மாற்றினால் போதும், சட்டை அதேதான் என்று காட்டியதும்தான் அவருக்கு நிம்மதி.

இனி தையல்காரனாக ஒரு வார்த்தை. கண்ணாடி முன் நிற்க வைத்து எடுக்கும் அளவு விமானிக்கு ஆகாது. அவர் வேலையே உட்கார்ந்து செய்வது. நான் நாற்காலியில் உட்கார வைத்து, கையைத் தலைக்குமேல் நீட்டச் சொல்லித்தான் கைக்குழி அளவு எடுப்பேன், ஏனென்றால் பாதிச் சுவிட்சுகள் தலைக்குமேல் இருக்கின்றன. இடுப்பிலும் கொஞ்சம் தாராளம் விட வேண்டும். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. கெந்திங் மலை ஏறும்போது காடியில் முறுக்குப் பாக்கெட் உப்பிக்கொள்கிறது அல்லவா, வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். துணியைப் பொறுத்தவரை எனக்குப் பருத்தி அதிகமாக இருக்க வேண்டும். முழு பாலியெஸ்டர் சுருங்காது, இஸ்திரிக்குச் சுகம், ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி எரியும், ஆனால் உருகாது. வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்களே தவிர இதைக் கேட்பதே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் தங்கச்சி இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். தனியார் ஜெட் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் அந்த விமானிகளில் பலர் தொப்பி போடுவதில்லை, சிலர் பட்டையே வைப்பதில்லை. சாதாரணக் கருநிறக் கோட்டு, டை, இல்லையென்றால் காலர் வைத்த டி-சட்டை. முதலாளிகள் பலருக்குத் தாம் வந்திறங்கியது ஊருக்குத் தெரியக் கூடாது. பெட்டி தூக்கி வைப்பதும் பல நேரம் விமானிதான், அதனால் அவர்கள் கோட்டில் முதுகுத் தையலுக்கு உள்ளே துணி கூட விடுவேன்.

தாடி. ஆக்சிஜன் முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் பல நிறுவனங்கள் மழிக்கச் சொல்கின்றன. 35,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவோடு செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டுமா என்று கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள், 2018-இல் ஏர் கனடா கத்தரித்த தாடிக்கு அனுமதி கொடுத்தது. நம் சிங் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்பார்கள். தங்கச்சி இப்போது ஒரு விரலுக்கு வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி ஒன்று பாக்கி: விமானியாகப் போகும் பிள்ளைக்குப் பரிசாக வாங்கும் பெற்றோர், கண் கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி வாங்க வேண்டாம், அதைப் போட்டால் விமானத்தில் இருக்கும் சில திரைகள் இருட்டாகத் தெரியும். வணக்கம்.