நவம்பர் கடைசி வாரம்: கடலோர மழையை எப்படிப் பார்ப்பது?

[திரையில்: வங்கக்கடல் வரைபடம். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரையிலான கரை மட்டும் தடித்த கோட்டில்.]

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் சென்னை, கடலூர், நாகை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: புயல் வருமா, வராதா? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த வீடியோ. வருகிற சின்னம், அதாவது கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு, எவ்வளவு வேகமாக நகரும், எங்கே போய் நிற்கும்? வெள்ளத்தைப் பொறுத்தவரை அதற்குப் புயல் என்று பெயர் வைத்தார்களா இல்லையா என்பதைவிட இதுதான் முக்கியம்.

2015 டிசம்பர் 1 அன்று புயலே கிடையாது. ஆனாலும் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா நேர்மாறானது, அது வேகமாக உள்ளே புகுந்து போனது, டெல்டாவில் தென்னையைச் சாய்த்தது பெரும்பாலும் அதன் காற்றுதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், காற்றளவில் சாதாரணப் புயல். ஆனால் கரை ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டிய மழை. அப்புறம் மெதுவாக உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையிலும் அதே அளவு கொட்டி, சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியாக அந்தத் தண்ணீர் மறுபடியும் விழுப்புரம், கடலூர் மக்களிடமே வந்து சேர்ந்தது.

அரை மீட்டர் மழை என்றால் எவ்வளவு என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்பது 10 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் 18,000 லிட்டருக்கும் மேல், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்றரை. உங்கள் தெருவில் எத்தனை மாடிகள் இருக்கின்றன, அத்தனை தண்ணீரும் போக எத்தனை அடி அகலத்தில் வடிகால் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

[திரையில்: கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும் மேகம். அதன் வடக்குப் பக்கம் நீல அம்புகள், தெற்குப் பக்கம் பழுப்பு அம்புகள்.]

சரி, இரண்டாவது விஷயம், நீங்கள் அந்தச் சின்னத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? நம் பக்கத்தில் தாழ்வு மண்டலமோ புயலோ எதுவானாலும் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். ஆகவே மையத்துக்கு வடக்கே இருக்கும் கரைக்குக் கடலிலிருந்து ஈரக்காற்று நேராக வந்து மோதும், தெற்கே இருக்கும் கரைக்கு நிலத்திலிருந்து காற்று வீசும், மழை குறையும். சின்னம் நாகைப் பக்கம் வருகிறது என்றதும் சென்னையில் இருப்பவர்கள் நமக்கு இல்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது, மழை அவர்களுக்கும் வரலாம். அதுவே நெல்லூர்ப் பக்கம் கரையேறினால் சென்னையில் வானம் வெளுத்துவிடும், ஆனால் அது போகிற வழியில் சென்னைக்கு அருகே தயங்காமல் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, சென்னைக்கு வடக்கே 300 கிலோமீட்டர் தள்ளி. இருந்தும் 3, 4 தேதிகளில் சென்னைக் கரையை ஒட்டி ஊர்ந்து சென்றதால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. திரும்பவும் அதே வேகக் கணக்குதான்.

பெரிய சின்னம் எதுவும் இல்லாத நாட்களிலும் இந்த வாரத்தில் மழை பெய்யும். கிழக்கிலிருந்து வரும் காற்றலைகளே போதும். இந்த மழைக்கு ஒரு பழக்கம் உண்டு: நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியற்காலையில் வலுத்து, காலை பத்து மணிக்குள் விட்டுவிட்டு, மதியம் வெயில் அடிக்கும். இரவில் நிலம் குளிர்ந்து கரையிலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கிப் போகும், எதிரே வாடைக்காற்று வரும், இரண்டும் கரையோரம் சந்திக்கிற இடத்தில் மேகம் எழும்பும். ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்கே இடி இடித்து மாலையில் வருகிற மழையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மதிய வெயிலைப் பார்த்து மழை போய்விட்டது என்று முடிவு கட்டுவதும், நெல்லையோ கருவாட்டையோ இரவு முழுக்க வெளியில் போட்டுவிட்டுத் தூங்குவதும் இந்த மாதத்தில் சரிப்படாது.

[திரையில்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் மாவட்ட வரைபடம்.]

நிற எச்சரிக்கையைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கனமழை, ஆரஞ்சு மிக கனமழை, சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் எதிர்பார்க்கலாம். நிறம் மாவட்டம் முழுவதற்கும் கொடுக்கப்படுவது, எல்லாத் தெருவிலும் அவ்வளவு பெய்யும் என்று பொருள் இல்லை. அதோடு, மழை அளவு ஒருநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. இன்று காலை செய்தியில் வரும் அளவில் பெரும்பங்கு நேற்று இரவு பெய்ததாகவே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் பத்து நாள் கழித்துப் புயல் வரும் என்று வண்ணப் படம் சுற்றும். தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். அது வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி நிரல் ஒரு வேளையில் போட்ட கணக்கு, அடுத்த வேளைக் கணக்கில் அந்தப் புயல் ஒடிசாவுக்குப் போயிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். வடமேற்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே நுழைந்தால் கரை வரைக்கும் நன்றாக வந்த சின்னமே கரைந்துவிடும். மூன்று நாள் வரைக்குமான கணிப்பை நம்பித் திட்டமிடுங்கள். ஐந்து நாளைத் தாண்டினால் உஷாராக இருப்பதற்கு மட்டும் அது போதும். கடைசி சில மணி நேரத்துக்கு ரேடார்தான். சென்னைக்கும் காரைக்காலுக்கும் தனித்தனி ரேடார்கள் இருக்கின்றன, வானிலை மையத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல், ஒரு மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். பட்டை பட்டையாக மேகம் ஒரே கரைமேல் அடுத்தடுத்து ஏறினால், அந்த ஊர்க்காரர்கள் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் அதுதான்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னம் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே நம் கரையில் அலை எழும்பிவிடும், வானம் தெளிவாக இருந்தாலும் சரி. கடலுக்குப் போக அனுமதியாகக் கொடுக்கும் டோக்கனை நிறுத்திவிட்டார்கள் என்றால் ஒருநாள் வருமானம் போகும், அந்த வலி பெரியது என்று தெரியும், இருந்தாலும் அன்றைக்குப் போக வேண்டாம். ஏற்கெனவே ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்குக் கரையில் இருப்பவர்கள் வயர்லெஸ்ஸில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் திரும்பி வரவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

டெல்டாவில் சம்பா, தாளடி பயிர் தூர் கட்டும் பருவத்தில் இருக்கும். கனமழை அறிவிப்பு இருந்தால் யூரியாவைத் தள்ளிப்போடுங்கள், போட்டது அத்தனையும் வாய்க்காலோடு போய்விடும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு மழைக்கு முன்னாலேயே இழுத்துப் போட்டுவிடுங்கள், தண்ணீர் நிறைந்த பிறகு அதில் இறங்க முடியாது.