மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பங்குனிப் பொங்கலுக்குக் கூடியிருக்கும் ஊர் மக்களே, வணக்கம். மணி பத்தரை ஆகிவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாற்பதைத் தாண்டியவர்களின் மறதிக்குப் பெரிய காரணம் வேலைச் சுமையா, இதய நோயா? இதுதான் தலைப்பு. இதய நோய்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய வங்கி நண்பர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். "இந்த அணிக்குத் தலைக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. தலைவலி வந்தால் நெஞ்சில் தைலம் தடவுகிற கூட்டம்" என்றார். நீங்களும் விடாமல் கைதட்டினீர்கள். தட்டுங்கள், நன்றாகத்தான் சொன்னார். பதிலையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஐயா, உங்கள் வீட்டு மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வீர்கள்? குழாயைத் திருகிப் பார்ப்பீர்கள். அப்புறம்? கீழே இறங்கி மோட்டாரைத்தானே பார்ப்பீர்கள்? மோட்டார் ஓடுகிறது என்றால் பைப்பைப் பார்ப்பீர்கள். நம்ம ஊர் உப்புத் தண்ணீருக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கட்டைவிரல் நுழைந்த பைப்பில் சுண்டுவிரல் நுழையாது. அந்த நேரத்தில் பிளம்பரிடம் போய், "மாடியில்தானே பிரச்சினை, நீ ஏன்யா கீழே குனிகிறாய்" என்று சண்டை போடுவீர்களா?

மூளைதான் அந்த மாடி வீடு. உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஆனால் உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் மேலே ஏறியாக வேண்டும். ஏற்றுவது யார்? இதே நெஞ்சுதான் ஐயா. பிரஷர் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால், மூளைக்குள் மயிரிழை மாதிரி ஓடும் குழாய்கள் தடித்து இறுகிப்போகும். பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம், ஊருக்கே தெரிந்துவிடும். சின்னக் குழாய்கள் அடைபடும்போது சத்தமே வராது. தெரிந்தவர் பெயர் வாயில் வராது, கூட்டல் கணக்குக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இப்போது சொல்லுங்கள், தைலத்தை எங்கே தடவ வேண்டும்?

வேலைச் சுமை, வேலைச் சுமை என்று நாற்பது போன் காலை எண்ணிக் காட்டினார் நண்பர். சுமை என்றால் என்ன என்று நான் காட்டுகிறேன். என் சித்தப்பா பஸ் கண்டக்டர். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி. தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் எண்பது பேர். படியில் தொங்குகிறவன் தனி. சில்லறை கிடையாது. முப்பது பேருக்குப் பாக்கி. மற்ற கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார்கள். சித்தப்பா எழுதவே மாட்டார். நாகமலை புதுக்கோட்டையில், "பச்சைச் சட்டை, எட்டு ரூபா". செக்கானூரணியில், "கைப்புள்ளக்காரம்மா, உங்களுக்கு மூணு". கருமாத்தூரில் தூங்கிக்கொண்டிருக்கிறவரை எழுப்பி, "பெரியவரே, பன்னெண்டு ரூபாயை விட்டுட்டு இறங்காதீங்க". சுமைதான் மறதிக்குக் காரணம் என்றால், அந்த மனிதர் கருமாத்தூர் வருவதற்குள் தன் பெயரையே மறந்திருக்க வேண்டாமா? சுமை ஏற ஏற அவர் மண்டை பளிச்சென்று வேலை செய்தது, நடுவரே!

2014-ல், நாற்பத்தொன்பது வயதில், டிரிப் நடுவில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள், அடைத்த ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கிற சின்னக் கம்பிவலை. மூன்று மாதத்தில் பழையபடி விசில், பழையபடி பாக்கி. வலிதான் போய்விட்டதே என்று மாத்திரையை நிறுத்தினார். பிரஷரும் பார்க்கவில்லை. நாலு வருஷம் போனது.

பூக்கூடையோடு தினமும் ஏறுகிற ஒரு பாட்டி உண்டு. ஒருநாள் இருபது ரூபாய் கொடுத்தாள். ஏழு ரூபாய் பாக்கி. இறங்கும்போது சித்தப்பா கொடுத்துவிட்டார். மறுநாள் பாட்டி ஏறினாள். "பாட்டி, நேத்து ஏழு ரூபா பாக்கி, இந்தா." பாட்டி, "கொடுத்துட்டியேப்பா" என்றாள். "எனக்குத் தெரியாதா பாட்டி, வாங்கிக்க" என்றார். பஸ்ஸே அவர் பக்கம்தான் பேசியது. எழுதாமலே எண்பது பேர் கணக்கைச் சொல்கிறவர் தப்பாகவா சொல்வார்? பாட்டிக்கே சந்தேகம், நாமதான் மறந்துட்டோமோ என்று. மூன்றாம் நாள். "பாட்டி, ஏழு ரூபா." வாங்கிக்கொண்டாள். நாலாம் நாள். "பாட்டி, ஏழு ரூபா." இந்தத் தடவை பாட்டி அவர் முகத்தையே பார்த்தாளாம். ஐந்தாம் நாள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபத்தொரு ரூபாயைச் சித்தி கையில் வைத்தாள். "காசு கிடக்கட்டும் தாயி, புள்ளைக்கு என்னமோ ஆகுது, பாரு" என்றாள்.

மூன்று பிள்ளைகளும் நானும் பார்க்காததை, ஏழு ரூபாயில் பார்த்துவிட்டாள் அந்தப் பாட்டி. ஸ்கேனில் மூளைக்குள் சின்னச் சின்னதாக ரத்தம் போகாத தழும்புகள். டாக்டர் முதலில் கேட்டது தூக்கத்தையும் டென்ஷனையும் அல்ல. "பிரஷர் மாத்திரை எப்போ நிறுத்தினீங்க?" என்றுதான் கேட்டார்.

ஒருத்தர் கதையை வைத்து ஊருக்கே தீர்ப்பா என்று நண்பர் எழுந்து கேட்கலாம். சரி. அமெரிக்காவில் ஆறு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து முப்பதாயிரம் பேரைப் பார்த்து 2023-ல் எழுதினார்கள். மாரடைப்பு வந்தவுடனே ஞாபகம் சரிவதில்லை, ஆனால் அதற்குப் பிறகு வருஷம் போகப் போக மற்றவர்களைவிட வேகமாகச் சரிகிறது. நாலு வருஷம் கழித்து வந்த அந்த ஏழு ரூபாய்தான் இது! லண்டனில் 1985-லிருந்து பத்தாயிரம் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஐம்பது வயதிலேயே மேல் பிரஷர் 130-ஐத் தொட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் வந்திருக்கிறது. அறுபதில், எழுபதில் அளந்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. கணக்கெல்லாம் நடுவயதில்தான் எழுதப்படுகிறது, நண்பரே.

முன்வரிசைத் தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ கிளினிக் 2022-ல் சொன்னது இது. நடுவயதில் இதய நோய் ஆண்களுக்குத்தான் அதிகம். ஆனால் வந்துவிட்டால், யோசனை மங்குவது பெண்களிடம்தான் வேகம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வாசலுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். நீங்கள் வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை டிவி பெட்டிமேல் வைத்துவிடுகிறீர்கள். சத்தியமாகக் கேட்கிறேன், இன்றைக்கு ராத்திரி மாத்திரை போட்டவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா நடுவரே?

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள்.

போன மாதம் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுகூடத் தாண்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய தோல் பை. அது இல்லாமல் அவர் உட்கார மாட்டார் என்பதால், அதற்குள் கொஞ்சம் சில்லறை போட்டுக் கொடுத்திருக்கிறாள் சித்தி. சின்ன வயதில் என்னைப் பானட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து உசிலம்பட்டி வரை கூட்டிப் போனவர் அவர். பக்கத்தில் போய், "சித்தப்பா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அதே சிரிப்பு. பைக்குள் கையை விட்டுக்கொண்டே, "எங்க இறங்கணும் தம்பி?" என்றார்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்ற சித்தி, "செக்கானூரணின்னு சொல்லுப்பா" என்றாள். சொன்னேன். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"பாக்கி சரியா இருக்கா பாத்துக்கங்க. உட்காருங்க, ஊர் வந்ததும் நான் சொல்றேன்."

உட்கார்ந்தேன் நடுவரே. வணக்கம்.