மாதிரி எடுக்கிற கை

(வேலூரில் குவாரித் தொழிலாளர்கள், கிரஷர் உரிமையாளர்கள், ஐடிஐ மாணவர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கனிமத் துறையில் ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. திறன் மேம்பாடு என்றால் ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுச் செவ்வத்தூருக்குப் போவோம்.

செவ்வத்தூர் திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டு மண். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை அங்கே உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து கார்பனேட் குழம்பாக மேலேறி வந்து உறைந்த பாறை அது. அதை ஒட்டியே வெர்மிகுலைட் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டி எடுப்பது இதைத்தான். பார்க்க மைக்கா மாதிரி ஏடு ஏடாக இருக்கும். ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். 800 முதல் 1,000 டிகிரி வரையுள்ள உலையில் சட்டென்று போட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி ஏடுகளை உந்தித் தள்ளும். துண்டு பல மடங்கு உப்பிவிடும். நர்சரிக்காரர்கள் தொட்டியில் போடுகிறார்களே, பொன்னிறமான லேசான துண்டுகள், அவை இதுதான்.

பொரி வறுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சட்டி காயாமல் அரிசியைப் போட்டால் பொரியாது, காய்ந்துதான் போகும். வெர்மிகுலைட்டும் அப்படியே. மெதுவாகச் சூடேற்றினால் தண்ணீர் ஓசைப்படாமல் வெளியேறிவிடும், ஏடு விரியாது. அதிக நேரம் உலையில் கிடந்தால் விரிந்தது நொறுங்கும். ஈரமாகவே உள்ளே போனால் எரிபொருளில் ஒரு பங்கு அந்த ஈரத்தை உலர்த்தவே செலவாகும். ஆக உலை ஓட்டுகிறவர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே போகும் ஈரம், துண்டின் அளவு, உலைக்குள் இருக்கும் நேரம். ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு தராசும் இருந்தால் மணிக்கொரு முறை விரிந்த சரக்கின் எடையைப் பார்த்துவிடலாம். லிட்டர் 100 கிராம் நின்றது 150 ஆனால் உலையில் ஏதோ மாறியிருக்கிறது. எழுதி வைத்தால் என்ன மாறியது என்பதும் தெரியும்.

உலைக்கு வருவதற்கு முன்பே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. அது மாதிரி எடுப்பது. இன்று நான் நின்று பேச வந்ததும் அதற்காகத்தான்.

சுரங்க முகத்தில், அதாவது வெட்டி நிற்கும் பாறைச் சுவரில், காடி எனும் நீளமான பள்ளம் வெட்டி மாதிரி எடுப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மழையில் வழிந்த மண், பழைய தூசி எல்லாம் போக வேண்டும். கீழே தார்ப்பாய் விரிக்க வேண்டும். பிறகு அடுக்குகளுக்குக் குறுக்கே 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்தில் ஒரே சீராகக் காடி. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 13 கிலோ விழும். 18 கிலோ விழுந்தாலும் 9 கிலோ விழுந்தாலும் காடி சீராக இல்லை என்று பொருள். அதனால்தான் மூட்டையை அங்கேயே எடை போடச் சொல்கிறோம்.

ஏன் சீராக வராது? வெர்மிகுலைட் மென்மை, பக்கத்துப் பாறை கடினம். உளி பட்டதும் மென்மையானது பொலபொலவென்று உதிரும். கடினமானதில் கை வலிக்கும். வெட்டுகிறவர் அறியாமலே மென்மையான இடத்தில் ஆழமாகவும் கடினமான இடத்தில் மேலோட்டமாகவும் வெட்டுவார். மூட்டையில் வெர்மிகுலைட் கூடிவிடும். ஆய்வுக்கூடம் நேர்மையாக அளந்து தவறான விடையை அனுப்பும். அதை நம்பி உலை போட்டவர் ஆறு மாதம் கழித்துத் தலையில் கை வைப்பார்.

அடுத்தது குவித்துப் பிரிப்பது. களத்தில் நெல் அம்பாரம் குவிப்பதுபோல் மாதிரியைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் மண்வெட்டி ஒவ்வொரு முறையும் கூம்பின் உச்சியிலேயே கொட்ட வேண்டும். பொடி நடுவில் தங்கும், பருமனானது அடிவாரத்துக்கு உருளும். உச்சி ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு பங்கில் பொடி, இன்னொன்றில் கட்டி. காற்றடிக்கும் மதியத்தில் திறந்த வெளியில் இதைச் செய்யாதீர்கள். லேசான ஏடுகள் பறந்துவிடும்.

எவ்வளவு மாதிரி போதும் என்று எப்போதும் கேட்பார்கள். துண்டின் அளவு இரண்டு மடங்கானால், அதே நம்பகத்துக்கு மாதிரியின் எடை எட்டு மடங்காக வேண்டும். 10 மி.மீ. துண்டுக்கு 5 கிலோ போதுமென்றால் 20 மி.மீ. துண்டுக்கு 40 கிலோ. ஆகவே முதலில் உடைக்க வேண்டும், பிறகுதான் குறைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் எல்லாம் போச்சு.

மூட்டைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். பேனா மை ஈரத்தில் கரையும். இருபது மாதிரிக்கு ஒன்றை இரண்டாகப் பிரித்து வேறு எண் போட்டு அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்தைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆய்வுக்கூடங்கள் இதை வரவேற்கும்.

சோதனை எதற்கு என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊரில் எடுத்த வெர்மிகுலைட்டோடு ஆஸ்பெஸ்டாஸ் இழையும் கலந்திருந்தது. சுரங்கம் 1990-ல் மூடிய பிறகும் ஊர்மக்கள் நுரையீரல் நோயோடு போராடினார்கள். எல்லா வெர்மிகுலைட்டும் அப்படி இல்லை. அப்படி இல்லை என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும், அவ்வளவே.

செவ்வத்தூர்க் கார்பனடைட்டில் பைரோகுளோர் என்ற கனிமமும் இருக்கிறது. அதில் நியோபியம் என்ற உலோகம் உண்டு, யுரேனியமும் உண்டு. 2023-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நியோபியம் இருக்கிறது. உடனே யாரும் நிலம் வாங்க ஓட வேண்டாம். பாறையில் இருப்பது வேறு, கட்டுப்படியாகும் விலையில் பிரித்தெடுப்பது வேறு. அந்த இடைவெளியில்தான் இங்குள்ள கல்லூரிகளுக்கு உண்மையான ஆராய்ச்சி வேலை காத்திருக்கிறது.

இனி கருங்கல் குவாரி. ஜாக்ஹாமரில், அதாவது கையில் பிடித்துப் பாறையைத் துளைக்கும் மெஷினில், 32 முதல் 34 மி.மீ. விட்டத்தில் வெடிக்குழி போடுகிறோம். குழிக்கும் திறந்த முகத்துக்கும் உள்ள தூரம், அதாவது பர்டன், குழி விட்டத்தைப்போல் சுமார் 30 மடங்கு: ஏறத்தாழ ஒரு மீட்டர். மெஷினை ஐந்து டிகிரி சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? 2.4 மீட்டர் ஆழத்தில் குழியின் அடி 21 செ.மீ. விலகிவிடும். ஒரு மீட்டர் என்று நினைத்தது 80 செ.மீ. ஆகலாம், கல் பறக்கும். 120 ஆகலாம், அடியில் கல் பெயராமல் நிற்கும். நின்ற கல்லுக்கு மறுபடி வெடி வைக்க வேண்டும், செலவு அங்கே போகிறது. மூங்கில் குச்சியும் தூக்குக்குண்டும் போதும், சாய்வைப் பார்த்துவிடலாம்.

குழியின் வாயை அடைக்கும் ஸ்டெம்மிங் பர்டனில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குழிப்பொடியை விடச் சின்னக் கல் சிப்ஸ் நன்றாகப் பூட்டிக்கொள்ளும். பழைய வெடியின் மிச்சக் குழிக்குள் ஒருபோதும் துளையிடக் கூடாது, அடியில் வெடிக்காத மருந்து இருக்கலாம். வெடிக்காத குழி தெரிந்தால் நோண்டாதீர்கள். குறைந்தது 30 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாகப் புதுக்குழி போட்டு வெடிப்பதுதான் முறை. அதையும் வெடி வைக்கச் சான்று பெற்ற பிளாஸ்டர்தான் செய்ய வேண்டும், உதவியாளர் அல்ல.

குவாரியில் படிபோல் வெட்டும் பெஞ்சின் உயரம் கெட்டிப் பாறையில் 6 மீட்டருக்கு மேல் கூடாது என்கிறது 1961 ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதி. சுற்றிப் பார்த்தால் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

தூசியைப் பற்றிச் சொல்ல வேலூரிலிருந்து ஒரு ரயில் தூரம் போனால் போதும். கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் போயின. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போன அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆழத்தின் அழுத்தத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதைப் பற்றி அங்கே கற்றது வீணாகாமல் இருக்க 1988-லேயே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. ஆனால் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் கற்றுக்கொடுத்த பாடம் நம் ஜாக்ஹாமர்காரரிடம் இன்னும் வந்து சேரவில்லை. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே நிற்கும். தெரியாததுதான் நுரையீரலுக்குள் போய்ப் படியும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் துளையிட வேண்டும். மொட்டையான பிட், அதாவது துளையிடும் முனை, பாறையை வெட்டாமல் அரைக்கும், தூசி கூடும், வேகம் குறையும். ஒரு மீட்டர் போட எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டே வந்தால் பிட் எப்போது சாணைக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.

கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் மணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரப்படி 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம். கிரஷரின் டஸ்டை அப்படியே அள்ளி எம் சாண்ட் என்று விற்பதை எந்தப் பயிற்சியும் திருத்தாது. சோதிக்கும்போது மணலைச் சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலிக்க வேண்டும். உலர்ந்த சலிப்பில் பொடி கல்லோடு ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும்.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். கடைசி நாள் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒரே குவியலை இருவரிடம் கொடுத்து, ஒருவர் எடுப்பதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சல்லடையில் போட்டுப் பாருங்கள். விடைகள் ஒத்துவந்தால் இருவருக்கும் சான்றிதழ். வராவிட்டால் இருவரும் மறுபடி மண்வெட்டியை எடுக்கட்டும். குரூப் போட்டோ அதற்குப் பிறகு.