ஒரே வீட்டில் விண்டோஸும் லினக்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இப்போது சில வீடுகளில் இரண்டு விதக் கணினிகள் இருக்கின்றன. கணக்கு எழுதும் மேசைக் கணினியில் விண்டோஸ், பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்கிறார்கள். லினக்ஸ் நமக்கு அந்நியமும் இல்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் லுங்கி வியாபாரம் செய்கிற அப்பா போட்ட பில் மகளுக்கு வேண்டுமென்றால், பென்டிரைவைத் தேடுகிறார்கள், அல்லது அடுத்த அறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒரே பில் நாலு இடத்தில் நாலு மாதிரி கிடக்கிறது. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்கான வழி முப்பது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் ஃபைல் பரிமாறிக்கொள்ள எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் போகிற தகவல்களை ஒட்டுக்கேட்டு அந்த நெறிமுறையைப் புரிந்துகொண்டு, 1992-ல் ஒரு நிரலை வெளியிட்டார். அதுதான் லினக்ஸ் கணினியையும் விண்டோஸோடு ஃபைல் பரிமாறவைக்கிற இன்றைய சாம்பா. எஸ்எம்பியின் விவரக் குறிப்புகள் மைக்ரோசாஃப்டிடமிருந்து சாம்பா குழுவுக்கு முறையாகக் கிடைக்க 2007 டிசம்பர் ஆனது. அதுவும் ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 10,000 யூரோ கட்டி.

கட்டளைகளை வானொலியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பயனில்லை. யோசனையை மட்டும் சொல்கிறேன். எந்தக் கணினி அதிக நேரம் ஓடுகிறதோ அதில் ஒரே ஒரு ஃபோல்டரை வையுங்கள். அது லினக்ஸ் என்றால், சாம்பாவை நிறுவி அந்த ஃபோல்டரைப் பகிர வேண்டும். அப்போது சாம்பாவுக்கென்று தனி பாஸ்வேர்டு வைக்க வேண்டும். லினக்ஸுக்குள் நுழைகிற பாஸ்வேர்டு தானாக இதற்குப் பொருந்தாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

விண்டோஸ் பக்கம் ஃபோல்டர் இருந்தால் வேறொரு சிக்கல். கணினியைத் திறக்க நாலு இலக்கப் பின் நம்பர் போட்டுப் பழகியிருப்போம். நெட்வொர்க் வழியாக வரும்போது அந்தப் பின் செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். அதோடு அந்த வைஃபை, விண்டோஸில் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘பப்ளிக்’ என்றிருந்தால் கதவு திறக்காது.

எல்லாம் செய்தும் லினக்ஸ் கணினி விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் தெரியவில்லையா? பதற வேண்டாம். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, அந்தக் கணினியின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள முகவரி எண்ணை, அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். ரவுட்டரில் அந்த எண்ணை மாறாமல் நிறுத்திவைத்தால் தினமும் தேட வேண்டியதில்லை. பட்டியலிலேயே தெரிய வேண்டுமென்றால் லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரலைப் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் தெரிந்தவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: “விண்டோஸில் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு, பாஸ்வேர்டை எடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்.” தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல், அந்தப் பழைய எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. நமக்கு அடுத்த ஆந்திராவில் காவல்துறைக் கணினிகள் சிலவும் மாட்டின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் சிக்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே எஸ்எம்பி 1 புதிதாக நிறுவும் கணினிகளில் தானாக வருவதில்லை. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் ஏற்க மறுக்கிறது. இது தொல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ சரியான முடிவாகத்தான் படுகிறது. கடைக் கணக்கும் ஆதார் நகலும் இருக்கிற ஃபோல்டரை, வைஃபை பாஸ்வேர்டு வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனும் திறக்கலாம் என்றால் எப்படி?

கடைசியாக ஃபைல் பெயர். லினக்ஸில் பெயருக்கு நடுவே முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ தாராளமாகப் போடலாம், விண்டோஸ் ஏற்காது. அப்படிப்பட்ட பெயரைச் சாம்பா புரியாத ஒரு குறும்பெயராக்கிக் காட்டும். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தில் லினக்ஸ் இரண்டு ஃபைல்களை வைத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், எது திறக்கும் என்று சொல்ல முடியாது. தேதியும் வாடிக்கையாளர் பெயரும் மட்டும் போட்டு, நடுவில் ஒரு சிறு கோடு வைத்தால் போதும்.

வணக்கம்.