கண்ணால் கண்டதும் சாட்சிக் கூண்டும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சட்டம், குற்றம், நீதி இந்த மூன்றையும் பொதுமக்கள் கூடிப் பேசுகிற ஒரு விழா எப்படி இருக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட விழாக்களை நடத்துகிறவர்களோடு நெடுநாள் பழகியவன் நான். நல்ல பேச்சாளர்களை வரவழைப்பார்கள். கைரேகை எடுத்துக் காட்டும் மேசை ஒன்று இருக்கும். பிள்ளைகள் அங்கேதான் மொய்ப்பார்கள். மையில் தோய்த்த விரலைக் காகிதத்தில் உருட்டி, தன் ரேகை சுழியா வளையமா என்று பார்ப்பதில் அவர்களுக்கு அத்தனை ஆனந்தம். 1890-களில் கல்கத்தாவில் ரேகைகளை வகை பிரிக்கும் முறையை உருவாக்க உழைத்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் பெயரையும் அந்த மேசையில் எழுதி வைக்கலாம். முறைக்கு அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் நிலைத்தது.

ஆனால் என் மனம் கிடப்பது வேறு இடத்தில், சாட்சிக் கூண்டில். விழாவுக்கு வருகிறவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகக் கூடாது, சாட்சியாக நின்று பார்க்க வேண்டும். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். நேற்று உங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது வந்திருப்பார்கள். அவர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார்? கண்ணாடி அணிந்திருந்தாரா? கையில் பை இருந்ததா? சிலருக்கு உடனே பதில் வந்திருக்கும். அந்தப் பதில் சரிதான் என்று சத்தியம் செய்வீர்களா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட் என்ற சட்டப் பேராசிரியர் இதை வகுப்பிலேயே செய்து பார்த்தார். பாடம் நடக்கும்போது இரண்டு மாணவர்கள் வாக்குவாதம் செய்தார்கள், ஒருவன் துப்பாக்கியை எடுத்தான். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம். பிறகு, பார்த்தவர்களை நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். படித்த பிள்ளைகள், கண்ணெதிரே நடந்த காட்சி. ஆனாலும் நடக்காததைச் சேர்த்தார்கள், நடந்ததை விட்டார்கள். ஒருவர் சொன்னதுகூட முழுக்கச் சரியாக இல்லை.

துப்பாக்கி வேண்டாம், யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம். ஒரு விழாவில் நாங்கள் செய்தது எளிமையானது. மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஏறி, மேசை மேலிருந்த காகிதக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிப் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து, பார்த்ததை எழுதித் தரும்படி எல்லோரிடமும் தாளைக் கொடுப்போம். போனவர் கையில் குடை இருந்தது. ஒரு அம்மா அதைத் தடி என்று எழுதியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் தடி என்றே எழுதியிருந்தார்கள். இடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் நினைவு இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நேயர்களே, இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பொய்ச் சாட்சி வேறு, மனமறிந்து ஒரு பொய்யும் சொல்லாமல் தவறாகச் சொல்லும் சாட்சி வேறு. முதலாமவரைக் குறுக்கு விசாரணையில் மடக்கிவிடலாம். இரண்டாமவரை அசைப்பது கஷ்டம், ஏனென்றால் அவர் சொல்வதை அவரே நம்புகிறார்.

இதில் ஒருவர் கதையை நான் போகுமிடமெல்லாம் சொல்வதுண்டு. 1984-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா. ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் நள்ளிரவில் ஒருவன் புகுந்து அவரிடம் வன்கொடுமை செய்தான். அந்த நேரத்திலும் அவர் உறுதியாக ஒன்றைச் செய்தார். உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு காவல்துறை காட்டிய படங்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். சந்தேக நபரோடு வேறு சிலரையும் வரிசையாக நிறுத்தும் அடையாள அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். படத்திலும் இருந்து அணிவகுப்பிலும் நின்றவர் காட்டன் ஒருவர்தான். சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்ற தொனியில் அதிகாரிகளும் பேசினார்கள். சந்தேகம் இருந்திருந்தாலும் அந்தப் பேச்சோடு போயிருக்கும். நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியம் கல்லில் செதுக்கியது போல இருந்தது. காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

மறு விசாரணையின்போது, உண்மையில் குற்றம் செய்த பாபி பூல் என்பவனையே ஜெனிஃபர் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அவர். அதற்குள் காட்டனின் முகம் பழைய முகத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. 1995-இல் மரபணுச் சோதனை உண்மையைச் சொன்னது. பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த காட்டன் வெளியே வந்தார். பிறகு இருவரும் சந்தித்தார்கள், நண்பர்களானார்கள், ஒன்றாக மேடையேறி இதைப் பற்றிப் பேசினார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஜெனிஃபர் வேண்டுமென்றே செய்தது எதுவும் இல்லை. ஒரு சாட்சி எவ்வளவு கவனமாக இருக்க முடியுமோ அவ்வளவு கவனமாக இருந்தார்.

சாட்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சாட்சியைக் கேட்கும் முறையைத் திருத்த வேண்டும் என்கிறேன். அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. ‘குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று சாட்சியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அடையாளம் காட்டிய அந்த நிமிடமே, எவ்வளவு நிச்சயம் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் கேட்டால் எல்லோரும் நூறு சதவீதம் என்பார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2014-இல் இவற்றைப் பரிந்துரைத்தது. சிறிய விழா அரங்கில்கூட இதைச் செய்து காட்டலாம். கோப்பை எடுத்தவரைச் சேர்க்காமலே ஆறு பேரை வரிசையில் நிறுத்துங்கள். முன்னெச்சரிக்கை சொன்னால் எத்தனை பேர் ‘இவர்தான்’ என்கிறார்கள், சொல்லாவிட்டால் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு, சந்தேகத்தின் பலனை ஏன் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரும் கோபமாகக் கேட்க மாட்டார்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மாதிரி நீதிமன்றம் பற்றிச் சொல்ல நினைத்ததை விட்டுவிடுகிறேன். ஆனால் பாதிக்கப்பட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றவாளி யார், என்ன தண்டனை என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்றார். அந்த இளைஞர்கள் வீடு வீடாகப் போய், பாதிக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசி, பிறகு நஷ்டஈடும் கொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் சமரச முயற்சிகளுக்கு அது ஒரு முன்னோடி. எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது, பாதிக்கப்பட்டவர் மனம் ஒப்பாமல் நடத்தவும் கூடாது. ஆனால் விழாவில் ஒரு அமர்வாவது அவர்களுக்கு ஒதுக்குங்கள். நிபுணர்கள் கீழே உட்காரட்டும், பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் மேடையில் பேசட்டும். கேள்வி நேரம் வேண்டாம், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.