தாயின் தைராய்டும் சிசுவின் மூளையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கருவிலிருக்கும் குழந்தைக்கும் தைராய்டு சுரப்பி உண்டு. ஆனால் 10, 12 வாரம் வரை அது ஹார்மோன் செய்யத் தொடங்குவதில்லை. ஓரளவு சொந்தக் காலில் நிற்கவே பாதிக் கர்ப்பம் ஆகிவிடும். மூளை அதுவரை காத்திருக்குமா? நரம்பணுக்கள் பிறந்து தத்தம் இடத்துக்கு நகரத் தொடங்கிவிடும். அந்த வேலைக்கான தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

தைராக்ஸினைச் செய்யத் தாயின் உடலுக்கு அயோடின் வேண்டும். பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கு, அயோடின் அற்றுப்போன மலைநாடு. 1966-இல் அங்கே ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டார்கள், மற்றவர்களுக்கு உப்புநீர். பின்னர் உப்புநீர் பெற்றவர்களின் குழந்தைகளில் 26 பேருக்குக் கிரெட்டினிசம், அதாவது கடுமையான மூளை வளர்ச்சிக் குறைபாடு. அயோடின் பெற்றவர்களின் குழந்தைகளில் 7 பேருக்கு மட்டுமே. அந்த ஏழில் ஆறு தாய்மார் ஊசி போட்டபோதே கருவுற்றிருந்தார்கள். மருந்து கிடைத்தும் நாள் கடந்துபோனது.

நம் ஊரில் இவ்வளவு கடுமையான பாதிப்பு அரிது. மாத்திரை சாப்பிடும் விதத்தில்தான் கோளாறு. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை, அதாவது தைராக்ஸின், எடுப்பவர், கர்ப்பத்தில் மருந்து கூடாதென்று யாரோ சொல்ல, நிறுத்திவிடுகிறார். நடக்க வேண்டியது நேர் எதிர். கருவுற்றதும் தேவை சுமார் 25 முதல் 30 சதவீதம் கூடும். வாரம் 7 மாத்திரை 9 ஆவது வழக்கமான கணக்கு. நாள் தள்ளிப்போனால் என்ன செய்வதென்று கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேனுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றால் பல வாரம் போய்விடும்.

மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிக்கும் டிபனுக்கும் அரைமணியாவது, முடிந்தால் ஒருமணி நேரம் இடைவெளி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நான்கு மணி நேரம் தள்ளி. எல்லா மாத்திரையையும் ஒரே கையளவாக விழுங்கினால் டி.எஸ்.எச். ஏறித்தான் இருக்கும். தைராக்ஸின் போதாதபோது ரத்தத்தில் கூடும் ஹார்மோன் அது. பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், 30-ஆம் வாரத்தை ஒட்டி மறுபடியும் டி.எஸ்.எச். பாருங்கள்.

அயோடின், கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம். நம் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து கிராம் உப்பில் 75தான். மீதிக்குப் பால், முட்டை, கடல்மீன். உப்பை அள்ளிப் போடுவது வழியல்ல, ரத்தக்கொதிப்பு வரும். கல்லுப்பு, இந்துப்பு வாங்குபவர்கள் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சமையல் முடியும் தறுவாயில் உப்புப் போட்டால் இழப்பு குறையும்.

டி.எஸ்.எச். லேசாக மட்டும் கூடியிருந்தவர்களுக்குச் சராசரியாக 13, 17 வாரங்களில் மாத்திரை தொடங்கிய இரு பெரிய ஆய்வுகளில் பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் தென்படவில்லை. தைராக்ஸின் மிகுந்தாலும் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு இருப்பதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வு ஒன்று கண்டது. பிள்ளை கெட்டிக்காரனாகட்டும் என்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய அளவுக்கே குறைப்பார்கள். ஆறாவது வாரம் மறுபடி ரத்தப் பரிசோதனை.